மூன்றேமுக்கால் டன் தகுதி

சக்கரத்தைக் கண்டுபிடித்ததுதான் மனித குலத்தின் மகத்தான சாதனை என்பார்கள். சின்ன விஷயம். அந்தச் சக்கரத்தின் பின்னால் இன்னொரு சக்கரத்தைக் கொக்கி மாட்டி இழுத்துப்போக யாருக்கு அருகதை உண்டு, யாருக்கு இல்லை என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடும் ஓர் அலுவலகத்தைக் கண்டுபிடித்தார்களே, அதுதான் சாதனை. அந்த அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், ஜன்னலோர மேஜையில், பரிசோதகர் வீற்றிருந்தார்.

கனரக டிரெய்லர் இழுக்கும் தகுதிக்குத் தேர்வு நடத்துபவர் அவர். பதினோரு வருட சேவை. "பாஸ் போடறதுக்குப் பேனா போதும். ஃபெயில் போடறதுக்குத்தான் படிப்பு வேணும்" என்று ஒரு கூட்டத்தில் அவர் சொல்லப்போக, மேலிடம் நெகிழ்ந்து அவருக்குச் சுழல் நாற்காலி ஒதுக்கியது.

அவரிடமே அந்தத் தகுதி இருந்தது. வந்த விதம் அலாதி. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், காத்திருப்போர் வரிசை படிக்கட்டு இறங்கி சைக்கிள் நிறுத்தம் வரை நீண்ட ஒரு மாதத்தில், மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. இன்ன தேதிக்கு முன்பு கார் உரிமம் வாங்கிய அனைவரும் கனரக டிரெய்லர் இழுக்கத் தெரிந்தவர்களாகக் 'கருதப்படுவார்கள்'. ஒரே கையெழுத்தில் வரிசை பாதியானது. பரிசோதகர் திங்கட்கிழமை தெரியாதவராகப் படுத்து, செவ்வாய்க்கிழமை தெரிந்தவராக எழுந்தார். புது உரிம அட்டையில் கூடுதலாக ஒரு குட்டி வண்டிப் படம். அதன் வாலில் இன்னொரு குட்டி வண்டி. அட்டையைப் பர்ஸில், மனைவியின் புகைப்படம் இருந்த கண்ணாடி மடிப்பில் செருகிக்கொண்டார்.

"என் படம் எங்கே?" என்று மனைவி கேட்டாள்.

"நீதான் வீட்டுல நேர்லயே இருக்கியே. இதை யாராவது கேட்டா காட்ட வேணாமா?"

பதினோரு வருடமாக யாரும் கேட்கவில்லை. கல்யாணம், காதுகுத்து, பக்கத்து வீட்டுக்காரரின் வயிற்றுவலி என்று எல்லா இடத்திலும் அவராகவே காட்டினார்.

ஒரு புதன்கிழமை, அவருடைய சொந்தத் தங்கை மேஜை முன்னால் வந்து நின்றாள்.

"டோக்கன் நம்பர்?"

"அண்ணா, நான்தான்."

"தெரியுது. டோக்கன்?"

நாற்பது நிமிடம் கையில் கசங்கிய டோக்கனை அவள் நீட்டினாள். "என் டிரைவரை நீ போன வாரம் ஃபெயில் பண்ணிட்டே."

பரிசோதகர் கோப்பைப் பிரித்தார். "ஆமா. கழுத்து திரும்பலை."

"என்னது?"

"ரிவர்ஸ் எடுக்கும்போது தலை ரெண்டு பக்கமும் திரும்பறது என் கண்ணுக்குத் தெரியணும். படிவத்துல பத்து மார்க். அந்த ஆள் கண்ணாடியை மட்டும் பார்த்தார். கழுத்து கல்லு மாதிரி நின்னுச்சு."

"வண்டி எங்க போய் நின்னுச்சு?"

"கோட்டுக்குள்ளதான். அது 'இதர குறிப்புகள்'ல வரும். அதுக்கு மார்க் கிடையாது."

செய்துகொண்டிருந்த உத்தியோகத்தை விட்டுவிட்டுத் தங்கை ஒரு டிரெய்லரில் நான்கு ராட்சத சலவை இயந்திரங்களையும் தண்ணீர்த் தொட்டியையும் ஏற்றி நடமாடும் சலவையகம் கட்டியிருந்தாள். மொத்தம் மூன்றேமுக்கால் டன். பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடம் பழுதாகிக் கிடந்தது. வியாழன் காலை ஒன்பது மணிக்குள் பின்முற்றத்தில் டிரெய்லர் நின்று குழாய் மாட்டியிருந்தால் ஆறு மாத ஒப்பந்தம் அவளுக்கு. ஒரு நிமிடம் பிந்தினாலும் பட்டியலில் அடுத்த ஆளுக்கு. அவள் அமர்த்தியிருந்த டிரைவர், சரக்குக் கிடங்கின் வளாகத்துக்குள் பதினெட்டு வருடம் டிரெய்லர் ஓட்டியவர். வளாகத்துக்குள் உரிமம் தேவையில்லை. சாலைக்கு வந்தால் கழுத்து தேவை.

"மறுதேர்வு எப்ப?"

"பதினாலு வாரம் ஆகும்."

"நாளைக்குக் காலைல வண்டியை யார் ஓட்டறது?"

"அதுக்கென்ன, தகுதி உள்ளவங்க யாரையாவது..." என்றவர் பாதியில் நிறுத்தினார்.

"பர்ஸை எடு" என்றாள் தங்கை.

மறுநாள் காலை, வரலாறு பரிசோதகரின் உருவில் பிக்கப் வண்டியின் ஸ்டியரிங் முன்னால் ஏறி உட்கார்ந்தது. பக்கத்தில், தோற்கடிக்கப்பட்ட டிரைவர், மடியில் கையைக் கட்டிக்கொண்டு. பின்னால் மூன்றேமுக்கால் டன். முன்னோக்கிப் போவதில் சிரமமே இல்லை. உத்தியோகத்தில் அவர் முன்னேறியதும் இப்படித்தான். பின்னால் என்ன வருகிறது என்று திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியம் வந்ததில்லை.

மருத்துவமனையின் பின்சந்து வந்தது. சட்டப்படி அதுவும் சாலைதான், டிரைவர் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. வண்டி திரும்ப இடமில்லை. டிரெய்லரை ரிவர்ஸில்தான் உள்ளே விட வேண்டும். வாசல் தூண்களுக்கு நடுவே இரண்டு பக்கமும் ஒரு சாண் மிச்சம். மணி எட்டு முப்பது. படிக்கட்டில் நிர்வாகி அம்மாள் கைக்கடிகாரத்தோடு. முற்றத்துக் குழாயடியில் தங்கை, கையில் ரப்பர் குழாயோடு.

பரிசோதகர் சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். இடப்பக்கம் கழுத்தைத் திருப்பினார். வலப்பக்கம் திருப்பினார். விதிமுறைப் புத்தகத்தின் நான்காம் பிரிவை மனதுக்குள் ஒப்பித்து, கம்பீரமாக ரிவர்ஸ் எடுத்தார். டிரெய்லர் அவரை அடையாளம் தெரியாததுபோல் வேறு பக்கம் போனது.

காவலாளி ஓடிவந்து ஜன்னலைத் தட்டினார். "சார், அந்தப் பக்கம் பிணவறை. அங்க போறவங்க யாரும் இவ்வளவு அவசரமா போறதில்ல."

முன்னே இழுத்து, மறுபடி முயன்றார். பிக்கப்பும் டிரெய்லரும் நடுவில் மடங்கி, முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டன. மூன்றாவது தடவை தூணில் ஒரு கீறல். நான்காவது தடவை, ஜன்னல்களில் நோயாளிகள். ஒருவர் சலைன் பாட்டில் தாங்கியையும் கூடவே தள்ளிக்கொண்டு வந்திருந்தார்.

"எப்படிப் போகுது?" என்றார் பரிசோதகர், வேர்வையைத் துடைத்தபடி.

"கழுத்து பிரமாதம் சார்" என்றார் டிரைவர். "வண்டிதான் சொன்ன பேச்சு கேக்கலை."

எட்டு நாற்பத்தாறு. தங்கை குழாயைக் கீழே வைத்துவிட்டு அருகில் வந்தாள். கத்தவில்லை. "அண்ணா, உனக்கு இது தெரியாதுதானே?" என்று மட்டும் கேட்டாள்.

பரிசோதகர் வாயைத் திறந்தார். 'கருதப்படுகிறது' என்ற சொல் தொண்டை வரை வந்தது. "தெரியாதும்மா" என்றார்.

டிரைவர் மடியிலிருந்து கையை எடுத்தார். "சார், ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"ஸ்டியரிங்கை மேல பிடிக்காதீங்க. அடியில பிடிங்க. டிரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ, கையை அந்தப் பக்கம் தள்ளுங்க. கொஞ்சமா. அப்புறம் தலையைத் திருப்பாதீங்க. திருப்பினா கையும் கூடவே திரும்பிடும். கண்ணாடி ரெண்டையும் மட்டும் பாருங்க."

"பத்து மார்க் போயிடுமே."

"போகட்டும் சார். மேடத்தோட ஒப்பந்தம் போகக்கூடாது."

பரிசோதகர் கழுத்தைக் கல்லாக்கினார். "லேசா இடது... விடுங்க, விடுங்க... இப்ப வலது... போதும் சார், போதும்." கண்ணாடியில் தூண்கள் ஒவ்வொன்றாக அவரைத் தாண்டிப்போயின. டிரெய்லர் பசுமாடு கொட்டிலுக்குள் போவதுபோல் உள்ளே போனது. எட்டு ஐம்பத்தேழுக்குத் தங்கை குழாயை மாட்டினாள். நிர்வாகி அம்மாள் கையெழுத்துப் போட்டார். மாடி ஜன்னல்களில் கைதட்டல் கேட்டது.

"ரொம்ப நல்லா ஓட்டினீங்க" என்றார் அந்த அம்மாள் பரிசோதகரிடம். "சாயங்காலம் முற்றம் எங்களுக்கு வேணும். டிரெய்லரை வெளியே எடுத்துட்டு, தினமும் காலைல இதே மாதிரி கொண்டு வந்து விட்டுருங்க."

பரிசோதகர் மனதுக்குள் பதினான்கு வாரத்தை நாட்களாக்கிப் பார்த்தார். காலைக் காற்றிலும் வேர்த்தது.

பதினொரு மணிக்கு அவர் தன் மேஜையில் இருந்தார். எதிரே டிரைவர், ஒழுங்காக டோக்கன் எடுத்துக்கொண்டு. பரிசோதகர் அடி இழுப்பறையைத் துழாவி, பழுப்பேறிய ஒரு படிவத்தை வெளியே எடுத்தார். அவசர மறுதேர்வு விண்ணப்பம். தோற்றதற்குத் தேர்வர் பொறுப்பல்ல, வேறொரு காரணம் இருந்தது என்று அதிகாரி சான்றளித்தால் மூன்றே நாளில் தேர்வு. துறையின் சரித்திரத்தில் இரண்டு முறைதான் அது பயன்பட்டிருந்தது. ஒரு தடவை காரணம் ஆலங்கட்டி மழை. இன்னொரு தடவை, குறுக்கே வந்த எருமை.

டிரைவர் பெயரையும் விலாசத்தையும் எழுதிவிட்டுப் பேனாவை நீட்டினார். "இந்தக் கட்டம் மட்டும் நீங்கதான் நிரப்பணுமாம் சார். 'தோல்விக்கான காரணம்'."

விரிவாக எழுத வசதியாகக் கட்டத்தில் ஐந்து வரி விட்டிருந்தார்கள். பரிசோதகர் சுழல் நாற்காலியில் ஒரு முழுச் சுற்று சுற்றி வந்தார். பிறகு குனிந்து, படிக்கும்படியாக, ஒரே ஒரு சொல் எழுதி முத்திரை குத்தினார்:

'பரிசோதகர்.'