வசந்தியின்ரை பாட்டும் என்ரை றேடியோ வைத்தியமும்

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரேயொரு வேலைதான். பன்னிரண்டு மணிக்குள்ளை கார் றேடியோவின்ரை இரைச்சலை நிப்பாட்டவேணும்.

தொண்ணூறுகளிலை கனடாவிலை, ஸ்காபரோவிலை, ஒரு பதினோராம் மாடியிலை இருந்தம். ஞாயிறு மத்தியானம் ஒரு மணித்தியாலம் றேடியோவிலை வாற தமிழ் நிகழ்ச்சி அந்தக் கொங்கிறீற் பெட்டிக்குள்ளை இழுக்காது. அதாலை கீழை பார்க்கிங்கிலை நிக்கிற காருக்குள்ளை இருந்துதான் கேப்பம். எங்களைப்போலை பத்துப் பன்னிரண்டு குடும்பம், ஆளுக்கொரு காருக்குள்ளை, எஞ்சினை ஓடவிட்டுப்போட்டு ஒரு இடமும் போகாமல் இருக்கும். நாயைக் கூட்டிக்கொண்டு போற வெள்ளைக்காரர் என்ன நினைச்சிருப்பினமோ தெரியாது.

அண்டைக்கு அந்த நிகழ்ச்சியிலை என்ரை மனிசி வசந்தி பாடுறா. அதுக்கு முதல் கிழமை றேடியோ நிலையத்துக்குப் போய்ப் பாடிக் குடுத்திட்டு வந்தவ. நான் கூடப் போகேல்லை. ஓவர்டைம் எண்டு சொன்னன். உண்மையிலை நித்திரை.

"அண்டைக்கும் வரேல்லை. இண்டைக்கெண்டாலும் பக்கத்திலை இருந்து ஒழுங்காக் கேளுங்கோ" எண்டா.

"நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். றேடியோ எனக்குத் தண்ணி பட்ட பாடு."

இந்தத் திமிருக்கு என்ன ஆதாரம்? கறன்ற் இல்லாத காலத்திலை சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைச் சுத்தி, டைனமோவிலை றேடியோ கேட்ட ஆள் நான். அதை யாழ்ப்பாணம் முழுக்கத்தான் செய்தது. கனடாவிலை வந்து இறங்கினாப்பிறகு நான் மட்டும் எஞ்சினியராகிட்டன்.

காலமை ஒன்பது மணிக்குக் காருக்குள்ளை ஏறினன். எஞ்சின் ஓடேக்கையும் கிர், கிர். நிப்பாட்டிப்போட்டுத் திறப்பை மட்டும் திருப்பினாலும் கிர், கிர்.

எட்டாம் மாடிக் குணம் அண்ணை வந்து சேந்தார். லைசென்ஸ் எடுத்த அண்டைக்கே மெக்கானிக் பட்டமும் எடுத்த எங்கடை ஆக்களிலை ஒராள்.

"தம்பி, உது ஓல்ரனேற்றர்."

"எஞ்சின் சுத்தினாத்தானே ஓல்ரனேற்றர் கறன்ற் எடுக்கும். எஞ்சின் ஓடாமல் அது எப்பிடி அண்ணை சத்தம் போடும்?"

கொஞ்சம் யோசிச்சார். "அப்ப உது மோசமாப் பழுதான ஓல்ரனேற்றர்."

இதுக்குப் பிறகு அவரோடை என்ன கதை? அன்ரெனாதான் எண்டு நானே தீர்மானிச்சன். பழைய கார் உடைக்கிற இடத்திலை முதல்நாளே ஒண்டு வாங்கி வைச்சிருந்தன். மாத்தினன். கிர் இப்ப இன்னும் பலமாக் கேட்டுது. நல்ல அன்ரெனாவெல்லோ.

பிறகு ஏர்த் பிடிக்கேல்லை, பெயின்ற்தான் தடுக்குது எண்டு நினைச்சன். அன்ரெனா நிக்கிற இடத்தைச் சாண்ட் பேப்பராலை தேய்ச்சன். ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவுக்குக் கார் மொட்டையாப் போச்சு. அடுத்த விண்டருக்கு இரும்பை அரிக்கிற கறள் இடம் தேடி அலையத் தேவையில்லை.

பதினொரு மணிக்கு டாஷ்போட்டைக் கழட்டத் துவங்கினன். அதுக்கு நடுவிலை எங்கடை பிள்ளையார் இருந்தார். கார் வாங்கிக் கோயிலிலை பூசை செய்த அண்டைக்கு வாசல்கடையிலை நானே ஆசைப்பட்டு வாங்கினது. சிகரெட் மூட்டுற ஓட்டையிலை வயரைச் செருகினால் சிவப்பும் பச்சையுமா மினுங்குவார். அவரை அசைக்காமல், அவரின்ரை வயர் இழுபடாமல், அவரைச் சுத்தி உள்ள எல்லாத்தையும் கழட்டி எடுத்தன். றேடியோ வயரோடை தொங்கிச்சுது. குணம் அண்ணை சாமிக்கு முன்னாலை எண்டு சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வந்து ரோச் பிடிச்சார்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிசம். வசந்தி இறங்கி வந்தா. காஞ்சிபுரம் சேலை, அதுக்கு மேலை விண்டர் கோட். றேடியோ கேக்கிறதுக்கு.

சீற்றிலை கிடந்த ஸ்குறூக்களை ஒதுக்கிப்போட்டு இருந்தா. பிள்ளையாரை உத்துப் பாத்தா.

"இஞ்சாருங்கோ, பிள்ளையார் மினுங்கிற நேரம் மட்டும்தானே உது கிர் எண்டுது?"

நானும் பாத்தன், குணம் அண்ணையும் பாத்தார். சிவப்பு, கிர். பச்சை, கிர். மூண்டு மணித்தியாலமா எங்கடை மூக்குக்கு முன்னாலை பிள்ளையார் தாளம் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

"சும்மா இரும். உந்தச் சின்ன லைற் என்ன செய்யும்? உமக்கு உது விளங்காது" எண்டன்.

அவ வயரை இழுத்தா. இரைச்சல் நிண்டுது. ஒரு பலசரக்குக் கடை விளம்பரம், பக்கத்திலை நிண்டு சொல்லுறமாதிரி வந்துது.

"உதைத்தான் நானும் சொல்ல வந்தனான்" எண்டார் குணம் அண்ணை, பின் சீற்றிலை ஏறி இருந்துகொண்டு.

பிள்ளையாருக்கு முன்னாலை தலையிலை குட்டிக்கொண்டு எஞ்சினை ஸ்டாட் பண்ணினன். அறிவிப்பாளர் வசந்தியின்ரை பேரைச் சொன்னார். பாட்டுத் துவங்கிச்சுது.

நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டன், எங்கையாவது சின்னக் கிர் ஒண்டு மிச்சம் இருக்குதோ எண்டு. ஸ்பீக்கரோடை காதை ஒட்டி வைச்சன். ஹீற்றரைப் போட்டன், நிப்பாட்டினன். வைப்பரை ஓடவிட்டன். அக்சிலேற்றரை ஒருக்கா மிதிச்சன். ஒரு அசுமாத்தமும் இல்லை. எனக்குச் சரியான பெருமை. கண்டுபிடிச்சது நான் இல்லையெண்டது அந்த நேரம் ஞாபகத்துக்கு வரேல்லை.

பாட்டு முடிஞ்சுது. வசந்தி கோட் பொத்தானைத் திருகிக்கொண்டு மெல்லமாக் கேட்டா.

"எப்பிடி இருந்தது?"

"துப்பரவா இரைச்சல் இல்லை" எண்டன்.

அவ என்ரை முகத்தைப் பாத்தா. "நான் என்ன பாட்டுப் பாடினனான்?"

சத்தியமாத் தெரியேல்லை.

பின் சீற்றிலை மூக்குறிஞ்சிற சத்தம். குணம் அண்ணை அழுதுகொண்டிருந்தார். "முருகன் பாட்டு, பிள்ளை. கடைசியிலை அவனைக் கூப்பிட்ட இடத்திலை ஆளை உலுக்கிப்போட்டாய்."

ஓல்ரனேற்றர் எங்கை இருக்குதெண்டே தெரியாத மனிசன். அவர் பாட்டைக் கேட்டார். நான் றேடியோவைக் கேட்டன். இப்ப நினைச்சாலும் வெக்கமாத்தான் இருக்குது.

அடுத்த மாசமும் வசந்தி பாடினவவாம். குணம் அண்ணை சொல்லித்தான் எனக்குத் தெரியும்.