கருடனை முழுசாகப் பிடிக்கப் போய்

ஆஸ்டின் டவுன், பெங்களூர்
செப்டம்பர் 1998

அன்பு மச்சான் கார்த்திகேசனுக்கு,

அத்தான் அசோகன் எழுதிக்கொள்வது. இங்கே கடவுள் புண்ணியத்தில் எல்லோரும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறோம், பேசிக்கொள்வதுதான் குறைந்துவிட்டது. மஸ்கட் வெயில் உன்னையும் தங்கச்சியையும் அதிகம் வாட்டாமல் இருக்க வேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

தீபாவளிக்கு வரும்போது என் கேமராவுக்கு ஒரு பெரிய லென்ஸ் வாங்கி வருவதாகவும், ஜூமா ப்ரைமா என்று உடனே எழுதும்படியும் கேட்டிருந்தாய். எழுதக் கை கூசியதால்தான் இவ்வளவு தாமதம். உன் அக்கா கோமளம் ஃபோனில் சொல்லி நீ தெரிந்துகொள்வதற்குள் நானே சொல்லிவிடுவது மரியாதை என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

காட்டு மிருகம், பறவை என்று படம் எடுக்கிறவனுக்கு இந்த இரண்டில் எது நல்லது என்பது மாமியாரா நாத்தனாரா என்பது போன்ற கேள்வி. ஜூம் என்றால் நின்ற இடத்தில் நின்றுகொண்டே யானையைக் கிட்டே இழுக்கலாம், எட்டத் தள்ளலாம். ப்ரைம் அசையாது, அதற்காக நாம்தான் முன்னே பின்னே நடக்க வேண்டும். ஆனால் படம் கத்தி மாதிரி விழும். பொம்மசந்திரா ஃபேக்டரியில் என்னோடு வேலை பார்க்கும் கிளாரன்ஸிடம் இரண்டுமே இருக்கின்றன. முதலில் ஜூமைக் கடன் வாங்கிக்கொண்டு பந்திப்பூர் போனேன். யானை முழுசாக விழுந்தது, குட்டியும் விழுந்தது, ஆனால் சாயங்கால வெளிச்சம் பற்றாமல் எல்லாமே ரசத்து ஆவிக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. மரத்து மேலே இருந்த குரங்கைப் பார்க்க லென்ஸை நிமிர்த்தினால் அதன் குழல் தன் பாரத்திலேயே சரசரவென்று உள்ளே இறங்கி, குரங்கு கடுகாகிவிட்டது. கிளாரன்ஸிடம் படங்களைக் காட்டினேன். "நான் அப்பவே சொன்னேன் இல்லப்பா, ஜூம் கல்யாண ஆர்கெஸ்ட்ரா மாதிரி. எல்லாப் பாட்டும் பாடும், ஒண்ணும் மனசுல நிக்காது" என்று சொல்லித் தன் ப்ரைமைத் துணியில் சுற்றிக் கொடுத்தான். கைக்குழந்தை கனம். அதோடு நான் சும்மா வீட்டில் இருந்திருக்கலாம்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் நம் மைதிலியை லால்பாக்கில் பெண் பார்க்க வந்தார்கள். கே.ஜி.எஃப் குடும்பம், இப்போது ஜெயநகரில் வீடு, பையன் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். வீட்டுக்கு வந்து பஜ்ஜி சாப்பிட்டுப் போய்ப் பிறகு வேண்டாம் என்றால் தெருவெல்லாம் தெரிந்துவிடும் என்பதால், தற்செயலாகச் சந்தித்த மாதிரி இருக்கட்டும் என்று தரகர் ஏற்பாடு செய்திருந்தார். அவர்கள் அதுவரை என் முகத்தைப் பார்த்ததில்லை. அதனால் உன் அக்கா எனக்கு ஒரு சட்டம் போட்டாள். "நீங்க பக்கத்துல வராதீங்க. வந்தா பேசிக் காரியத்தைக் கெடுத்துருவீங்க. ஏரிக்கரையில எங்கயாச்சும் நில்லுங்க, நாங்க யாரோ நீங்க யாரோ. அவங்களுக்குப் புடிச்ச மாதிரி தெரிஞ்சா தலை அசைக்கிறேன், அப்போ வாங்க." சும்மா நின்றால் சந்தேகப்படுவார்கள் என்று கேமராவை எடுத்துக்கொண்டேன். என் யோசனைதான், அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

இரு தரப்பும் ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மைதிலி நீலப் புடவையில் தலை குனியாமல் ஏதோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது பார்த்து, கரையோரத்து மரத்தின் தாழ்ந்த கிளையில் ஒரு கருடன் வந்து உட்கார்ந்தது. ஞாயிற்றுக்கிழமை, பெண் பார்க்கும் நேரம், கருட தரிசனம். இதைவிட நல்ல சகுனம் உண்டா? படம் எடுத்து, நிச்சயதார்த்தத்தன்று பிரேம் போட்டுச் சம்பந்திக்குக் கொடுக்கலாம் என்று மனம் பறந்தது. கண்ணை வைத்துப் பார்த்தால் மூக்கும் ஒரு கண்ணும்தான் தெரிகின்றன. சம்பந்திக்குக் கால் கருடனை, அதுவும் காலே இல்லாத கருடனை எப்படிக் கொடுப்பது? சகுனத்தில் குறை வைக்கலாமா? ஜூமாக இருந்தால் விரலால் தள்ளியிருப்பேன். இது ப்ரைம். கண்ணை எடுக்காமல் பின்னால் நகர்ந்தேன். கழுத்து வந்தது. இன்னும் கொஞ்சம் நகர்ந்தேன், சிறகு வந்தது. வால் மட்டும்தான் பாக்கி. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நான் முதுகை விட்டேன்.

ஏரியில் இடுப்பளவு சேறு. லென்ஸ் கிளாரன்ஸுடையது என்பதால் விழும்போதே இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிவிட்டேன். அதனால் கரையைப் பிடித்து ஏறக் கை இல்லை. கருடன் பறந்துவிட்டது. பெஞ்சில் இருந்த எல்லோரும் எழுந்து நின்றார்கள். உன் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். போட்ட சட்டத்தை அவளே எப்படி மீறுவாள்? யாரோ எவரோ என்று முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். பையனின் அம்மா, "ஐயோ, யாராச்சும் தூக்குங்களேன்" என்றார்கள். பையன் சிரித்துக்கொண்டே, "சும்னே இரும்மா. காலையிலேயே ஏத்திக்கிட்டு வந்திருப்பான், போதை எறங்குனா தானா எழுந்து வருவான்" என்றான்.

அவன் மேல் தப்பில்லை மச்சான். நான் நின்ற கோலம் அப்படி. மைதிலி மட்டும் "அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடி வந்தாள். அந்த ஒரு சொல்லில் எல்லாம் முடிந்துவிட்டது. பையனின் அப்பா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். மரியாதைக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சேற்றில் நின்றபடியே "வணக்கம்" என்றேன். கை கூப்ப முடியவில்லை. அவரும் பழக்கதோஷத்தில் "வணக்கம், உக்காருங்க" என்றார். தோட்டத்துக் காவல்காரர் என்ன ஆயிற்றோ என்று பதறி, "ஏனாயித்து, ஏனாயித்து" என்று கன்னடத்தில் கத்திக்கொண்டே ஓடி வந்தார். மைதிலியும் அவருமாக என்னை இழுத்துக் கரையில் போட்டார்கள். அவள் நீலப் புடவை முழங்கால் வரை கறுப்பு. தரகர் ஆட்டோ பிடிக்கப் போவதாகச் சொல்லிப் போனவர் திரும்பவே இல்லை.

அன்று முதல் உன் அக்கா என்னோடு நேரடியாகப் பேசுவதில்லை. "உங்கப்பாவைச் சாப்பிடச் சொல்லு" என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். அவள் கோபத்தைவிட எனக்கு வெட்கம்தான் அதிகம். எத்தனையோ ஜாதகம் பார்த்துப் பொருந்தி வந்த இடம். பெற்ற மகளின் வாழ்க்கையை ஒரு பறவையின் வாலுக்காகக் கெடுத்துவிட்டேன். மைதிலி முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் வேலைக்குக் கிளம்பிய பிறகே அறையை விட்டு வெளியே வருகிறேன். ஆகவே ஜூமும் வேண்டாம், ப்ரைமும் வேண்டாம். கேமராவைத் துணிமணிக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டேன். லென்ஸுக்குப் பதிலாக உன் அக்காவுக்கு நல்ல புடவையாகப் பார்த்து வாங்கி வா, அவளை எப்படியாவது சமாதானப்படுத்த வேண்டும்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்கட்டும், அவர்களுக்கு நீச்சலும் கற்றுக்கொடு.

தலை நிமிராத உன் அத்தான்,
அசோகன்

பி.கு: கடிதத்தை ஒட்டுவதற்குள் பையன் வீட்டிலிருந்து ஃபோன் வந்தது. அவர்களுக்குப் பூரண சம்மதமாம். எல்லா வீட்டிலும் ஒரு அப்பா அப்படித்தான் இருப்பார் என்று பையனின் அம்மா சிரித்தார்களாம். உன் அக்கா என்னை நேராகப் பார்த்து "காபி குடிக்கிறீங்களா" என்று கேட்டாள். ஆனால் மைதிலி முடியாது என்றுவிட்டாள். என்னை அவமானப்படுத்தியதற்காக வேண்டாம் என்கிறாளோ என்று பயந்து, "நான் யாருன்னு தெரியாமத்தானேம்மா சொன்னான்" என்று அவனுக்காக நானே வாதாடினேன். "தெரியாமச் சொன்னதுதான்பா பிரச்சனை. குடிகாரனா இருந்தா தூக்கக் கூடாதா?" என்றாள். கரையில் நின்றிருந்தால் நானும் அதையே சொல்லிவிட்டு நடந்திருப்பேன். சேற்றில் விழுந்ததற்குப் பட்டதைவிடப் பெரிய வெட்கம் அப்போதுதான் வந்தது. புடவையும் இருக்கட்டும், லென்ஸும் கொண்டு வா. ப்ரைமே கொண்டு வரச் சொல்லி மைதிலியின் உத்தரவு. ஏன் என்று கேட்டேன். "ஜூமா இருந்திருந்தா நீ நின்ன எடத்துலயே நின்னு படம் புடிச்சிருப்ப. நான் அவனைக் கட்டிக்கிட்டிருப்பேன்" என்றாள்.