கூறை கேட்ட ஆவி

கிருசாந்தன் காலையில் எழுந்தான். மோட்டரைப் போட்டுத் தொட்டியை நிரப்பினான். கோழிகளுக்குக் குருணல் எறிந்தான். குசினியில் இரண்டு கோப்பை தேநீர் ஊற்றினான். ஒன்றைக் குடித்தான். மற்றதையும் குடித்தான். மனைவி கௌசலா இறந்த பிறகு எல்லாக் காலையும் இப்படித்தான்.

கௌசலாவின் தாய் ஞானேஸ்வரி மாமி வாசல் படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"தம்பி, அவளின்ரை கலியாணக் கூறையையும் தாலிக்கொடியையும் எடுங்கோ. சுவாமி இண்டைக்குக் கொண்டு வரச் சொன்னவர்."

"அது தேனுகாவுக்கு, மாமி. கௌசலா என்னட்டைச் சொன்னவ."

"உங்களுக்குச் சொன்னதெண்டு நீங்கள் சொல்லுறியள். சுவாமியிட்டை அவளே நேரை வந்து சொன்னவள்."

பட்டதாரியான கிருசாந்தன் ஆவியின் சாட்சிக்கு முன்னால் தோற்று, இரண்டையும் ஒரு பையில் வைத்தான்.

கௌசலா படுக்கையில் கிடந்தபோது தன் செத்தவீட்டைப் பற்றிக் கதைக்கப் பார்த்தாள். "வாயைக் கழுவு பிள்ளை" என்று தாய் அடக்கிவிட்டார். ஆகவே புருசனிடம் மட்டும் சொன்னாள். தன்னைக் கூறை உடுத்தி எரிக்கக் கூடாது. கூறையும் கொடியும் தங்கை தேனுகாவின் கலியாணத்துக்கு. அவன் நீலப் பருத்திச் சேலை உடுத்தி அனுப்பினான். சுமங்கலியைக் கூறை இல்லாமல் அனுப்பிவிட்டான் என்று அக்கராயன் ஊர் முழுக்கக் கதை.

அந்தக் கதை ஸ்கந்தபுரத்து ஆவிச் சுவாமி பரமலிங்கத்தின் காதுக்கும் எட்டியிருந்தது. அடுத்த வெள்ளியே கௌசலாவின் ஆவி இறங்கியது. "அம்மா, குளிருது. கூறை தாங்கோ."

பரமலிங்கம் முன்பு தொலைபேசிக் கடை வைத்திருந்தவர். இப்போதும் தொடர்பு எடுத்துக் கொடுப்பதுதான் தொழில். தூரம் மட்டும் கூடிவிட்டது. கௌசலா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, உயிரைக் காக்கும், மகளின் கையில் கட்டுங்கோ என்று மாமியிடம் கறுப்பு நூல் கொடுத்தவரும் இவர்தான். உயிர் போன பிறகு ஆவியைக் கூப்பிடுபவரும் இவர்தான். இரண்டு பக்கமும் ஒரே கடை.

ஓட்டோவில் மாமியின் தமையன் அப்புத்துரையும் ஏறிக்கொண்டார். எழுபது தாண்டியவர். பொழுதுபோக்காகப் பம்பல் பார்க்க வந்தார்.

"நான் செத்தால் பறை வேண்டாம். ஒலிபெருக்கியும் கட்டக் கூடாது," என்றார் வழியில்.

"அண்ணை, விசர்க் கதை கதையாதேங்கோ."

"பத்து வருசமாச் சொல்லுறன், ஒருத்தரும் கேக்கினமில்லை."

கேட்க மாட்டார்கள்தான். அவரிடம் ஒரே ஒரு குறை. உயிரோடு இருந்தார். கிருசாந்தன் அவரை ஒரு தரம் திரும்பிப் பார்த்தான்.

ஸ்கந்தபுரத்தில் கால் வைக்க இடமில்லை. ஓட்டோக்கள், லான்ட்மாஸ்ரர் உழவு வண்டிகள், கச்சான் கடலை வண்டி. ஜெயபுரத்திலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள். தாயும் தகப்பனும் உயிருடன் இருந்தபோது அவர்களோடு பேச நேரமில்லாதவர்கள் வெயிலில் வரிசையில் நின்றார்கள்.

மாமி புது நூல் கட்டப் போனார். சுவாமியிடம் தொண்டு செய்யும் ஜெயரூபி ஒவ்வொருவரிடமும் வந்து இருந்து, கண்ணைத் துடைத்து, கதை கேட்டாள். கிருசாந்தனிடமும் வந்தாள்.

"கௌசலாவைத்தானே தம்பி கூப்பிடுறது?"

"அதுக்கு முதல் மாமியின்ரை தமையனைக் கூப்பிடுங்கோ. அப்புத்துரை. செத்து இப்பதான் எட்டுச் சடங்கு முடிஞ்சது. மோதிரம் போட்டிருந்தவர்."

"ஐயோ பாவம். குடியோ?"

அவன் நிலத்தைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போனாள்.

கொட்டகைக்குள் மாமி முன்வரிசையில் இருந்தார். பக்கத்தில் அப்புத்துரை, வெற்றிலையோடு. கூறைப் பையைக் கிருசாந்தன் தன் மடியில் இறுக்கிப் பிடித்திருந்தான். சுவாமி பிரேதம் போல மர வாங்குப் பலகையில் நீட்டி நிமிர்ந்து கிடந்தார். தாடையைச் சேர்த்து நாடியில் துணிக்கட்டு, உடம்பில் வெள்ளைப் போர்வை. ஆவிகள் கேட்ட பொருட்களை அக்கினி வழியாக மேலே அனுப்புவாராம். அதை யாரும் பார்க்கக் கூடாதாம். ஆவிக்கு வெட்கம்.

ஜெயரூபி சாம்பிராணிச் சட்டியோடு சுற்றினாள். தலைமாட்டில் மட்டும் கொஞ்சம் கூடக் குனிந்தாள். புகை காதுக்குள்ளும் போக வேண்டும் போலும்.

சுவாமி முனகினார். "தங்கச்சி ஞானேஸ்வரி... கொண்ணன் அப்புத்துரை வந்திருக்கிறன்..."

கொட்டகை முழுக்கக் கை கூப்பியது. மாமி மட்டும் மெதுவாகப் பக்கத்துக் கதிரையைப் பார்த்தார்.

"சாராயம் படைக்காமல் என்ரை எட்டைக் கழிச்சுப்போட்டியள்... மோதிரத்தை அனுப்புங்கோ. விரல் குளிருது..."

அப்புத்துரை வெற்றிலையைக் கடைவாய்க் கொடுப்புக்குள் ஒதுக்கினார்.

"பிள்ளை, நான் எப்ப செத்தனான்? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

யாரோ சிரித்தார்கள். அவர் எழுந்து கையை உயர்த்தினார்.

"சாராயம் நான் மணந்தும் பார்த்ததில்லை. மோதிரம் இந்தா கிடக்கு. விரலும் என்னட்டைத்தான் இருக்கு."

பிரேதம் எழுந்து உட்கார்ந்தது. "அது வேற அப்புத்துரை."

ஜெயபுரத்து பஸ்ஸில் வந்த வீரம்மா என்பவர் பின்வரிசையிலிருந்து கேட்டார்: "அப்ப தங்கச்சி ஞானேஸ்வரியும் வேறயா சாமி?"

சுவாமிக்குத் தொடர்பு அறுந்துவிட்டது. ஜெயரூபி பின்னால் போய் ஓர் அலுமாரியை மறைத்துக்கொண்டு நின்றாள். அதுவரை அந்த அலுமாரியை யாரும் கவனித்திருக்கவில்லை. மாமி அவளைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தார். மேலுலகம் போன கூறைகளெல்லாம் இரண்டாம் தட்டோடு நின்றுவிட்டிருந்தன.

வீரம்மா ஒன்றை உருவி எடுத்தார். "இது எங்க மருமக அனோஜாவோட சீல. தலைப்புல இது நான் போட்ட தையல்."

அதன் பிறகு அங்கே ஆவி தேவைப்படவில்லை, பெண்களே பேசினார்கள். பொலிஸ் வரும்வரை சுவாமியை வாங்கிலேயே படுக்க வைத்தார்கள். நாடிக்கட்டை யாரோ இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டார்கள்.

திரும்பும்போது பை மாமியின் மடியில் இருந்தது. "இது தேனுகாவுக்கு," என்றார், யாரும் கேட்காமலே.

"உயிரோடை இருக்கிறவன் சொன்னால் விசர்க் கதை," என்றார் அப்புத்துரை. "செத்தவன் சொன்னால் வரிசையிலை நிண்டு கேப்பியள். தலை என்னத்துக்கு, எண்ணெய் வைக்கவோ?"

மாமி கூறைப் பையின் வாயை முடிந்துவிட்டுக் கேட்டார்.

"பறை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம். வேற என்ன அண்ணை?"

அப்புத்துரை வெற்றிலையை வெளியே துப்பினார். "யோசிச்சுச் சொல்லுறன்," என்றார்.

மாமி மருமகன் பக்கம் திரும்பினார். மணிக்கட்டில் புது நூலுக்குக் கீழே சொறிந்துகொண்டிருந்தார்.

"தம்பி, அவள் உண்மையிலை கடைசியாச் சொன்னது என்ன?"

கிருசாந்தன் அந்த நூலைப் பார்த்தான். பிறகு சொன்னான்.

"'அம்மா கட்டின நூலை வெட்டிவிடுங்கோ, கடிக்குது.'"