திகனயிலிருந்து வந்த ஆள்

கோர்ட்டில் வழக்காடும் புரொக்டர் நடராஜா இரண்டு கைகளையும் அகல விரித்தபடி கடை நடுவில் நின்றார். அவருடைய மார்பைச் சுற்றி அளவு நாடாவைக் கொண்டுபோக ஒரு மனிதனுக்கு இரண்டு கை வேண்டும். தையற்காரர் ஹபீலிடம் அன்றைக்கு ஒரு கைதான் இருந்தது. மற்றது அவருடைய நீளக் கோட்டின் பைக்குள் கிடந்தது.

நாடாவின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஹபீல் புரொக்டரை வலம் வந்தார்.

"என்ன ஹபீல், கோயில் சுத்துற மாதிரிச் சுத்துறீர்? வலது கைக்கு என்ன?"

"குளிர் ஐயா."

"இடது கைக்குக் குளிரில்லையோ?"

வாயில் நாடா இருந்தது நல்லதாய்ப் போயிற்று. வாசலில் குடையோடு நின்ற புரொக்டரின் வேலையாள் காளிமுத்து, முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"கறுப்புக் கோட்டு. வெள்ளிக்கிழமை புது நீதவானுக்கு முன்னால நிக்க வேணும். வியாழன் பின்னேரம் வாறன்," என்றவர் சட்டென்று காதைத் தீட்டினார். "உள்ளுக்கு மெசின் ஓடுது. நீர் இஞ்ச நிக்கிறீர். தைக்கிறது ஆர்?"

திரைக்குப் பின்னால் தையல் மெசின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"திகனயிலேந்து ஒரு ஆள எடுத்தீக்கிற ஐயா," என்றார் ஹபீல். வாயிலிருந்து நாடாவும் பொய்யும் ஒன்றாக விழுந்தன.

விஷயம் இதுதான். பத்து நாளைக்கு முன், மார்கழி மழையில், பள்ளிவாசல் படியில் ஹபீல் சறுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. பேராதனைப் பக்கத்தில் எலும்பு முறிவுக்குப் பேர்போன சிங்கள வெதமாத்தயா எண்ணெய் தடவி, மூங்கில் சிலாகை வைத்துக் கட்டி, மூன்று மாதத்துக்கு ஊசியைத் தொடாதே என்று அனுப்பிவிட்டார். அது 1931ஆம் வருஷம். நோன்புப் பெருநாளுக்கு ஆறு வாரந்தான் இருந்தது. கண்டியில் ஒரு முஸ்லிம் தையற்காரருக்கு வருஷம் முழுவதுக்குமான சோறு அந்த ஆறு வாரத்தில்தான் வேகும். வீட்டில் மூன்று பிள்ளைகள் வேறு.

"கை ஒடஞ்ச டெய்லருக்கு யாரு துணி குடுப்பாங்க? கேள்விப்பட்டா எல்லாரும் ரோட்டத் தாண்டி பளீல்ட கடைக்குப் போயிருவாங்க," என்று அன்று ஹபீல் தலையில் கைவைத்துக்கொண்டார். இடது கையைத்தான்.

மனைவி பாயிஸா அதிகம் யோசிக்கவில்லை. "நான் தைக்கிறன். நீங்க முன்னுக்கு நின்டு அளவெடுங்க. திரைக்குப் பொறத்தால யாரு எட்டிப் பாக்கப் போற?"

"நீ புள்ளைகள்ட கவுன் தைக்கிறவ. கோட்டு வேற."

"அப்ப வேற வழி சொல்லுங்க."

வேறு வழி இல்லை. கடைக்குப் பின்னால்தான் வீடு. நடுவில் ஒரு திரை. பெண்கள் இருக்கும் பக்கத்தை எந்த ஆணும் எட்டிப் பார்ப்பதில்லை. மெசின் திரைக்குப் பின்னால் போயிற்று. பாயிஸா வெட்டினாள், தைத்தாள், அரைத்தூக்கத்தில் சோறும் சமைத்தாள். ஹபீல் பக்கத்தில் உட்கார்ந்து குற்றம் கண்டுபிடித்தார்.

"தையல் ஏன் இப்பிடி நெருக்கமா போற? கழுத்துப் பட்டி இவ்வளவு நேரா ஈந்தா பழகின கண்ணுக்கு ஒரு மாதிரியா ஈக்கும்."

பாயிஸா மெசினை மிதித்துக்கொண்டே இருந்தாள்.

திகன ஆளின் செய்தி செவ்வாய்க்கிழமை காலையிலேயே தெருவைத் தாண்டிவிட்டது. எதிர்க்கடைப் பளீல் நேரே வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஹபீல் நானா, ஒங்கட ஆளுக்கு என்ன சம்பளம் குடுக்கிற? நான் கூடத் தாறன். பத்து நாளா எனக்கு வேல கொறஞ்சி போச்சி."

ஹபீலுக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. தன் பக்கம் வந்தது அதே பழைய வாடிக்கைக்காரர்கள்தான். பளீலுக்கு ஏன் வேலை குறைய வேண்டும் என்று அவருக்குப் புரியவில்லை. புரியாத சந்தோஷத்தை ஏன் கிளறுவானென்று விட்டுவிட்டார்.

ஆனால் பளீல் ஆளைப் பார்க்காமல் எழும்புவதாக இல்லை. அவரை விரட்ட ஹபீல் ஒரு யோசனை செய்தார்.

"சல்லிக்கு மயங்குற ஆளில்ல பளீல். மிச்சம் ஒழுக்கமான பொடியன். அஞ்சி வக்தும் தொழுவான். வெளி ஆக்கள நிமிந்தும் பாக்க மாட்டான். வேல, வேல, வேலதான்."

பளீல் எழுந்து போனார். முகத்தில் ஏதோ ஒரு தீர்மானம் தெரிந்தது. ஹபீல் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை பளீல் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார்.

"எனக்கு மூத்தவள் ஈக்கிறாள், ஒங்களுக்குத் தெரியுந்தானே. நீங்க சொன்ன குணத்துக்கு மேல நான் மாப்புள தேடி எங்க போற?"

ஹபீல் அவசரமாகச் சொன்னார்: "அவன் திகனக்குப் போயிட்டான்."

திரைக்குப் பின்னால் மெசின் கடகடவென்று ஓடியது.

"இப்பதான் பின்வாசலால வந்தீக்கிறான் போல," என்றார் ஹபீல்.

"நல்லதாப் போச்சி. நாளைக்குப் பின்னேரம் என்ட பொஞ்சாதி ரபீகாவையும் கூட்டிக்கொண்டு வாறன்."

அன்று முழுவதும் ஹபீல் சாப்பிடவில்லை. கை உடைந்ததை மறைக்கப் போய், ஒரு குமர்ப்பிள்ளையின் கலியாணத்தில் வந்து நிற்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. பாயிஸா புரொக்டரின் கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே சொன்னாள்: "உண்மையச் சொல்லிப் போடுங்க."

"கோட்ட குடுத்த பொறகு சொல்றன். பெருநாள் முடிஞ்ச பொறகு சொல்றன்."

வியாழன் பின்னேரம் புரொக்டரும் காளிமுத்துவும் வந்தார்கள். கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் புரொக்டர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கையைத் தூக்கினார், இறக்கினார். முகத்தில் நம்பிக்கையில்லாத ஒரு ஆச்சரியம்.

அதே நேரம் பளீல் உள்ளே வந்தார். அவர் கடையில் நிற்க, அவருடைய மனைவி ரபீகா வழக்கம்போலப் பெண்கள் போகும் பின்வாசலால் வீட்டுக்குள் போனாள். ஆண்களை நிறுத்தும் திரை பெண்களை நிறுத்தாது. அதை ஹபீல் கணக்கில் எடுக்கவில்லை.

மெசின் சத்தம் நின்றது. பிறகு திரைக்குப் பின்னாலிருந்து ரபீகாவின் குரல் வந்தது.

"இஞ்ச மாப்புள ஒருத்தரும் இல்ல. பாயிஸாதான் தைக்கிற."

பளீல் ஹபீலைப் பார்த்தார். புரொக்டர் ஹபீலைப் பார்த்தார். ஹபீல் மெல்லக் கோட்டுப் பையிலிருந்து கையை வெளியே எடுத்தார். மூங்கில் சிலாகையும் எண்ணெய்த் துணியுமாக அது ஒரு சின்னப் பாய்ச்சுருட்டுப்போல இருந்தது.

"விழுந்து ஒடஞ்சி போச்சி ஐயா," என்றார். "சொன்னா நீங்க எல்லாரும் போயிருவீங்கன்டு பயந்து போனன். புள்ளைகள் பட்டினி கெடக்கும்டு பயந்தன். பளீல், ஒங்கட மகள்ட விசயத்தில என்ன மன்னிச்சிக்கோங்க."

புரொக்டர் கோட்டின் கழுத்துப் பட்டியை விரலால் தடவினார்.

"இது முழுக்க உம்மட பெண்சாதி தைச்சதோ?"

"ஓம் ஐயா."

"எனக்கு இதே மாதிரி இன்னும் ரெண்டு வேணும். தம்பிக்கும் ஒண்டு. அவவையே தைக்கச் சொல்லும்."

ஹபீலின் கண் நிறைந்துவிட்டது. பத்து நாளாய் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பயம் இறங்கிப் போயிற்று. கை போனாலும் வீடு விழாது. திரைக்குப் பின்னால் அந்த வீட்டைத் தாங்க ஒருத்தி இருக்கிறாள். நன்றி சொல்ல அவருக்கு ஒரு வழிதான் தெரிந்தது.

"மூணு மாசத்தில என்ட கை சரியாகிரும் ஐயா. பொறகு பழைய மாதிரி நானே என்ட கையால தைச்சித் தாறன்."

புரொக்டரின் முகம் மாறிற்று. அவர் பளீலைப் பார்த்தார். பளீல் நிலத்தைப் பார்த்தார். காளிமுத்துதான் குடையை மடக்கிவிட்டுப் பேசினான்.

"அது மட்டும் வேணாங்க மொதலாளி, இத்தன வருசமா நீங்க ஐயாவுக்குத் தச்சுக் குடுத்த கோட்டு ஒவ்வொண்ணையும், ஒங்க மனசு நோகக் கூடாதுன்னு, மத்த வாடிக்கைக்காரங்க மாதிரியே நாந்தான் பளீல் மொதலாளி கடைப் பின்வாசல்ல குடுத்துப் பிரிச்சுத் தைக்க வச்சேன், இங்கேருந்து நேரா ஊட்டுக்குப் போற மொத கோட்டு இதுதாங்க."