சரஸ்வதி பூஜையில் வைத்த லேப்டாப்

அன்புள்ள மாப்ள உக்கிரபாண்டிக்கு,

வில்லாபுரத்திலிருந்து ஜெயபாண்டி எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா அன்னக்கொடியும் உன் மருமகள் சத்யப்ரியாவும் நல்ல சுகம். என் போனுக்குத்தான் சுகமில்லை. சார்ஜர் ஓட்டைக்குள் சந்தனம் இறங்கி இறுகிவிட்டது. ஊக்கை வைத்துத் தோண்டினேன், இன்னும் உள்ளே போய்விட்டது. உன் அக்கா போனில் பேசினால் அவள் காதில் விழும், அதனால்தான் இந்தக் காலத்தில் தபால். புனேயில் நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

போன மாதம், பிள்ளைக்குப் படிப்புக்கு உதவும் என்று வெப்சைட் பட்டியல் ஒன்று அனுப்பினாயே, அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி. பாடப் புத்தகம் இறக்கிக்கொள்ள ஒன்று, இங்கிலீஷ் அகராதி ஒன்று, கிரகங்களுக்கு ஒன்று, தேசப் படங்களுக்கு ஒன்று, எதைக் கேட்டாலும் சொல்லும் கலைக்களஞ்சியம் ஒன்று என்று மொத்தம் பதினொன்று. நல்ல காரியந்தானே, அந்தக் கலைக்களஞ்சியத்தையாவது முழுசாகப் பிரிண்ட் எடுத்து பைண்டு போட்டு வைப்போம் என்று ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்கார விருமாண்டி, "எம்புட்டுப் பக்கம்ணே வேணும்?" என்றான். "மொத்தத்தையும் போடுப்பா, சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்" என்றேன். அவன் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்து, "அண்ணே, மதுரையில இருக்க பேப்பர் பூராவும் வாங்குனாலும் முதல் எழுத்தே முடியாதுண்ணே" என்றான். கடையில் நின்ற காலேஜ் பிள்ளைகளெல்லாம் சிரித்தார்கள். நீயும் சிரிக்காதே.

அதுகூடப் பரவாயில்லை மாப்ள. அந்தப் பட்டியல் வரும்வரை, ஒட்டகம் எத்தனை நாள் தண்ணி குடிக்காமல் இருக்கும், நிலா ஏன் கூடவே வருகிறது என்று சத்யப்ரியா என் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே கேட்பாள். பட்டியல் வந்த நாளிலிருந்து என்னிடம் ஒரு கேள்வி கிடையாது. நான் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். ராஜபாளையம் வண்டி எத்தனை மணிக்கு, தேனி வண்டி எங்கே நிற்கும் என்று ஊர்ப்பட்ட சனம் நாள் பூராவும் என்னைத்தான் கேட்கிறது. பெற்ற பிள்ளை கேட்க மாட்டேன் என்கிறது. நானாகப் போய், "என்னம்மா படிக்கிற, சந்தேகம் இருந்தா கேளு" என்றால், "இதுலயே இருக்குப்பா" என்று திரையைப் பார்த்துக்கொண்டே சொல்கிறாள்.

இந்த நேரத்தில்தான் சரஸ்வதி பூஜை வந்தது. புத்தகத்தைப் பூஜையில் வைத்தால் மறுநாள் காலை வரை தொடக் கூடாது என்பது உனக்குத் தெரியாததா? பேரையூரில் நாம் கணக்குப் புத்தகத்தை அடியில் வைத்து, அதற்கு மேல் வீட்டில் இருக்கிற அத்தனை புத்தகத்தையும் அடுக்கி, யார் கேட்டாலும் எடுக்க முடியாதபடி பண்ணின ஆட்கள்தானே. இந்த வருஷம் நான் புத்தகத்தோடு லேப்டாப்பையும் என் போனையும் தூக்கி வைத்து, கை நிறையச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, "அம்புட்டும் சரஸ்வதி. காலைல வரைக்கும் யாரும் தொடப்படாது" என்று சொல்லிவிட்டேன். பக்தி இல்லை மாப்ள, உன்னிடம் சொல்வதற்கு என்ன. ஒரு நாளாவது என்னைக் கேட்கட்டும் என்றுதான் செய்தேன். அவள் ஸ்கூலில் ரூத் டீச்சர் இருபது கேள்வி கொடுத்து, விஜயதசமி அன்று காலை பத்து மணிக்குள் விடை அனுப்பச் சொல்லியிருப்பதும், நன்றாக எழுதுகிற பிள்ளைகளை ராக்கெட் விடுகிற இடத்துக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருப்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

நினைத்தபடியே நோட்டை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பா, உலகத்துலயே பெரிய நாடு எதுப்பா?" எனக்கு வாயில் பொரி, கண்ணில் தண்ணி. "சோவியத் யூனியன், தலைநகரம் மாஸ்கோ" என்றேன். ஜெர்மனி ரெண்டு, கிரகம் ஒன்பது, பர்மாவுக்கு ரங்கூன், தேனி இருப்பது மதுரை மாவட்டம். விடாமல் சொன்னேன். ஆல்பின் சார் வகுப்பில் நீ நாட்டைச் சொல்ல, நான் தலைநகரத்தைச் சொல்ல, ரெண்டு பேரும் ஒரே மூச்சில் ஒப்பிப்போமே, அது அப்படியே வந்தது. நம்மிடம் இருந்த பொது அறிவுப் புத்தகம் நாற்பத்தோராம் கேள்வியில்தானே தொடங்கும். கிழிந்துபோன அந்த முதல் நாற்பது கேள்வி என்னவாக இருக்கும் என்று ஸ்கூல் விட்டு வருகிற வழியெல்லாம் பேசுவோமே மாப்ள. அந்தச் சந்தோஷம் அன்றைக்கு எனக்குத் திரும்பக் கிடைத்தது.

காலையில் பூஜையைப் பிரித்ததும் லேப்டாப்பை எடுத்து விறுவிறுவென்று தட்டி அனுப்பிவிட்டு, கூடப் படிக்கிற பவதாரிணி வீட்டுக்குப் போய்விட்டாள். நான் சும்மா இருந்திருக்கலாம். பெருமையில், நாம் சொன்னதை ஒரு தடவை பார்ப்போமே என்று உன் பட்டியலில் இருந்த வெப்சைட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். சோவியத் யூனியன் இல்லையாம். ஜெர்மனி ஒன்றாகிவிட்டதாம். பர்மாவுக்குப் பேரும் மாறிவிட்டது, தலைநகரமும் மாறிவிட்டது. கிரகம் எட்டுத்தான். இத்தனைக்கும் தினமும் தேனி வண்டிக்கு நேரம் போட்டு அனுப்புகிறவன் நான், அது தனி மாவட்டம் என்பது அந்த நேரத்தில் வாயில் வரவில்லை பாரு. அன்னக்கொடி எட்டிப் பார்த்து, "புள்ள ராக்கெட்டு பாக்கப் போற மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்கு அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். என் வீம்புக்குப் பிள்ளையின் ஆசையில் மண்ணைப் போட்டுவிட்டேனே மாப்ள. அவள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? நீ மாமன், நீ சொன்னால் கேட்பாள். அக்காவின் பட்டன் போனுக்குக் கூப்பிட்டு, தப்பு அப்பன் பேரில்தான், இனிமேல் எதுவாக இருந்தாலும் வெப்சைட்டையே பார்த்துக்கொள், அவனைக் கேட்காதே என்று நீயே சொல்லிவிடு.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். பிள்ளைகளுக்கு என் ஆசி. பாடத்தில் சந்தேகம் என்று அவர்களை என்னிடம் பேசச் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் மச்சான்
ஜெயபாண்டி

பி.கு: கவரை ஒட்டப் போகும்போது சத்யப்ரியா வந்துவிட்டாள். டீச்சருக்கு விடையெல்லாம் பூஜைக்கு முன்னாடி புதன்கிழமையே அனுப்பிவிட்டாளாம், இருபதும் சரியாம். "பெறகு ஏன்டி என்னையக் கேட்ட?" என்றேன். "நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டே திரிஞ்ச. அதான் கேட்டேன். நீ சொல்றது நல்லாவும் இருந்துச்சு" என்றாள். காலையில் அவள் தட்டினது நான் சொன்னதையெல்லாம் உனக்கு அனுப்பத்தானாம். அப்படியானால் நாலு பக்கம் நான் எழுதியதெல்லாம் உனக்கு முன்னாடியே தெரியும், திருட்டுப்பயலே. "ஒங்கப்பன் செக்கோஸ்லோவாக்கியாவை விட்டுட்டான், கேளு" என்று பதிலும் போட்டிருக்கிறாய். அதை வைத்துக்கொண்டு, "அப்பா, செக்கோஸ்லோவாக்கியா எங்கப்பா இருந்துச்சு?" என்று உள்ளேயிருந்து கத்துகிறாள். மேலே நான் சொல்லச் சொன்னது எதையும் அவளிடம் சொல்லாதே மாப்ள. வெப்சைட் இன்னும் இருந்தாலும் அனுப்பு. போறேன், பிள்ளை கூப்பிடுது.