ஹேமா டிபன் சென்டர் உரிந்த கதை

எங்கள் வீட்டில் புதுப் பொருள் எதன் மேலும் ஒட்டிவரும் பிளாஸ்டிக் தாளை உரிப்பது கிடையாது. டி.வி. ரிமோட் இன்றும் வந்த உறையோடுதான் இருக்கிறது. பிரிட்ஜ் கதவின் நீலத்தாள் ஓரமெல்லாம் சுருண்டு, அழுக்கேறி, பிரிட்ஜைவிட வயதானதாகத் தெரிகிறது. உரித்தால் கீறல் விழுந்துவிடும் என்பது என் அப்பாவின் கொள்கை. (அந்தக் கீறல் விழாத பிரிட்ஜை நாங்கள் யாரும் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.) இந்தக் கொள்கை ஒருமுறை என் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

அப்போது நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கூரியர் ஆபீசில் வேலை பார்த்தேன். பக்கத்து மேஜை ஹேமா. எங்கள் இரண்டு பேருக்கும் சம்மதம். சேக்காட்டில் இருந்த அவள் அப்பா தனசேகரனுக்கு மட்டும் இல்லை. அவர் ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எதைக் கையில் கொடுத்தாலும் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். என்னையும் கிட்டத்தட்ட அப்படித்தான் பார்த்தார்.

அவர் டிபன் கடை போடப்போகிறார், போர்டுக்கு ஆள் தேடுகிறார் என்று ஹேமா சொன்னதும் போய் நின்றேன். "போர்டு வேலையெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு சார்" என்றேன். (அதுவரை நான் தொட்ட ஒரே போர்டு கேரம் போர்டு.)

"கரும்பச்சை அடிக்கணும். எங்க பேக்டரில வண்டிங்களுக்கு அடிப்பாங்களே, அந்தப் பச்சை. போர்டு நல்லா வந்துச்சின்னா மத்தத பேசலாம்" என்றார். மற்றது என்றால் ஹேமா.

எஸ்டேட்டில் ஒரு போர்டு பட்டறையில், யாரோ ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்காமல் போன ட்ரே ஒன்று கிடந்தது. அலுமினிய ஷீட்டை நாலு பக்கமும் மடித்து, பெரிய தட்டுபோலச் செய்து சுவரில் மாட்டுவார்களே, அது. முன்பக்கம் முழுக்க வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. உள்ளே என்ன கலர் என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? எப்டியும் நீ பெயின்ட்டுதான அடிக்கப்போறே" என்றார் பட்டறைக்காரர். நியாயமாகத்தான் பட்டது.

வேன்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பாபுவிடம் கொண்டுபோனேன். அவன் ட்ரேயை ஒரு சுற்று சுற்றி வந்தான்.

"அண்ணாத்தே, மேல தாள் ஒட்டிகினு கீதே. உரிச்சிடவா?"

"வேணாம்பா. உரிச்சா கீறல் வுழும்."

"அதுவும் கரெக்ட்டுதான்" என்றான். அவன் வீட்டு ரிமோட்டும் உறையோடுதான் இருந்திருக்க வேண்டும்.

வேலை பிரமாதமாக வந்தது. கரும்பச்சையில் மஞ்சள் எழுத்து: ஹேமா டிபன் சென்டர். மாட்டியதும் தனசேகரன் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்து, "பரவால்ல" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டு வந்ததே இல்லை என்றாள் ஹேமா. கையோடு பேசி முடித்துவிடலாம் என்று, மறுநாள் திறப்பு விழாவுக்கு என் அப்பா அம்மாவையும் வரச் சொல்லிவிட்டேன்.

பூஜை முடிந்து கேசரி கொடுத்துக்கொண்டிருந்தபோது வெயில் போர்டின் மேல் முழுசாக விழுந்தது. பச்சையில் ஒரு கொப்புளம் கிளம்பியது. பிறகு பக்கத்திலேயே அதன் தம்பி.

"இன்னாப்பா இது, மூஞ்சில பரு மாறி கீது?" என்றார் தனசேகரன்.

"வெயிலுக்கு அப்படித்தான் சார். சாயங்காலம் அடங்கிடும்."

அவர் ஸ்டூலைப் போட்டு ஏறி, போர்டின் மூலையில் கட்டைவிரல் நகத்தை வைத்தார். மூலை கையோடு வந்தது. தாளில் ஒரு மூலை கிளம்பிவிட்டால் அதற்குப் பிறகு யாராலும் கையை அடக்க முடியாது, இன்ஸ்பெக்‌ஷன்காரரும் மனிதர்தானே. இழுத்தார். பச்சையும் மஞ்சளும், ஹேமாவும் டிபனும் சென்டரும், ஒரே தோலாகக் கழன்று அவர் தோளில் சால்வை மாதிரி விழுந்தன. உள்ளே பஞ்சு மிட்டாய் ரோஸ். ஒரு கீறல்கூட இல்லை.

கேசரிக்கு நின்றவர்கள் இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள். என் அப்பா மட்டும் அண்ணாந்து பார்த்து, பெருமையாகச் சொன்னார்: "பாத்தியா, உரிக்காம வெச்சதால எவ்ளோ புதுசா கீது."

எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. ஹேமா கைவிட்டுப் போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

தனசேகரன் ஸ்டூலிலிருந்து இறங்காமல், தோளில் சால்வையோடு என் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் உடம்பு குலுங்கியது. கோபம் என்று நினைத்தேன். சிரிப்பு.

"பெயின்ட்டு தப்பா அடிச்சவன நெறிய பேர பாத்துகீறேன். தாளுக்கு பெயின்ட்டு அடிச்சவன இப்பதான் பாக்குறேன். இது உங்களுக்கு பரம்பரையா வர்றதா, சம்பந்தி?"

அந்தக் கடைசி வார்த்தையை முதலில் பிடித்துக்கொண்டது என் அம்மாதான். கேசரியைக் கீழே வைத்துவிட்டு, தட்டு மாற்ற எப்போது வரலாம் என்று அங்கேயே கேட்டுவிட்டாள்.

போர்டில் மறுபடி யாரும் பெயர் எழுதவில்லை. சேக்காட்டில் கேட்டால் ரோஸ் கடை என்றுதான் வழி சொல்வார்கள். கல்யாண மேடையில் அட்சதை போட வந்த மாமனார், போடுவதற்கு முன்னால், மேக்கப் போட்டிருந்த என் கன்னத்தைக் கட்டைவிரல் நகத்தால் மெல்லச் சுரண்டி, "உள்ள இன்னா கலருன்னு பாக்குறேன்" என்றார். அந்த போட்டோ கல்யாண ஆல்பத்தின் அட்டையிலேயே இருக்கிறது. கொஞ்சம் மங்கலாகத் தெரியும். அட்டை மேலிருக்கும் தாளை இன்னும் உரிக்கவில்லை.