சாக்பீஸ் விஷயமாக மாப்பிள்ளைக்கு

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதுவது. இங்கு அனைவரும் சுகம். அங்கு உங்கள் சுகத்தையும், வாஷிங் மெஷின் ரிப்பேர் முடிந்ததா என்பதையும் அறிய ஆவல்.

மகள் விடைத்தாள் திருத்தத்தான் இங்கே வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். விடைத்தாள் ஒன்றுகூட வரவில்லை மாப்பிள்ளை, பெட்டிதான் வந்திருக்கிறது, அதுவும் பெரிய பெட்டி. ஞாயிற்றுக்கிழமை இருவரும் டிவியில் 'இப்படியும் சிலர்' பார்த்தீர்களாம். சோபாவைப் பிய்த்துப் பிய்த்து ஸ்பாஞ்சைத் தின்கிற ஒரு அம்மாவைக் காட்டினார்களாம், நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்களாம். அந்தச் சிரிப்புதான் அவளை இங்கே கொண்டுவந்து விட்டது. ஏனென்றால், எப்படிச் சொல்வேன், உங்கள் மனைவி சாக்பீஸ் தின்பாள்.

என் தையற்கடையில் கட்டிங் டேபிளுக்கு அடியில் வளர்ந்த குழந்தை அவள். துணியில் கோடு போடும் சாக் காணாமல் போய்க்கொண்டே இருக்கும். எலிதான் என்று பொறி வைத்தேன், என் கட்டைவிரல்தான் மாட்டியது. டீச்சர் வேலைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். பள்ளியிலேயே அதிகம் சாக்பீஸ் தீர்ப்பவள் அவள்தான், கரும்பலகையில் இப்படி உழைக்கும் டீச்சர் வேறில்லை என்று தலைமையாசிரியை மேடையில் பாராட்டினார், நீங்கள்கூடக் கைதட்டினீர்கள். டாக்டர் ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு என்று மாத்திரை கொடுத்திருக்கிறார். மாத்திரையையும் விழுங்குகிறாள், அதற்குத் துணையாகச் சாக்பீஸையும்.

இந்த வயிற்றெரிச்சலில் டிவிக்காரர்களுக்கு போன் போட்டேன். "ஒருத்தி தன்னால அடக்க முடியாம செய்யறதைக் காட்டி ஊரைச் சிரிக்க வைக்கிறீங்களே, உங்க நெஞ்சுல ஈரமே இல்லையா?" என்று கத்தினேன். அந்தப் பக்கம் ஒரு பெண் ரொம்ப மரியாதையாக, "சாருக்கு என்ன பழக்கம்?" என்றாள். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, என் பொண்ணுக்குத்தான்" என்று உளறிவிட்டேன். அவள் கனிவாகக் கேட்ட கேட்பில் விலாசத்தையும் கொடுத்துத் தொலைத்தேன். வியாழக்கிழமை கேமராவோடு வருகிறார்களாம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவள் சமையலறையில் உட்கார்ந்து, "அவருக்குத் தெரிஞ்சா என்னையும் பாத்து அப்படித்தான்பா சிரிப்பாரு" என்று அழுகிறாள். என்னால் தாங்க முடியவில்லை. கோபம் வந்தால் என்னைத் திட்டிக்கொள்ளுங்கள் மாப்பிள்ளை, அவளைப் பார்த்து மட்டும் சிரித்துவிடாதீர்கள்.

நீங்கள் இருவரும் ஒரே வீட்டில், ஒரே சோபாவில், நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசியுடன்,
மாமனார்.

பின்குறிப்பு: இதைக் கவரில் போடப் போகும்போது நீங்களே படியேறி வந்து நிற்கிறீர்கள். கல்யாணமான முதல் மாதமே உங்களுக்கு எல்லாம் தெரியுமாம். "நான் அந்தம்மாவைப் பாத்துச் சிரிக்கல மாமா. பன்னெண்டு வருஷமா எனக்குத் தெரியவே தெரியாதுன்னு அவ புருஷன் சொன்னானே, அவனைப் பாத்துத்தான் சிரிச்சேன். எங்க வீட்டுல தலையணை மேல கெடக்குற சாக்பீஸ் தூளைத் தட்டறது யாருன்னு நெனச்சீங்க?" என்றீர்கள். இப்போது உள்ளே அவள் அழுதுகொண்டே சிரிக்கிற சத்தம் கேட்கிறது. ஆகவே மேலே எழுதிய எதுவும் தேவையில்லை. ஸ்டாம்ப் ஒட்டியாகிவிட்டதால் அனுப்புகிறேன். வியாழக்கிழமை வருகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டதற்கு, நீங்கள் என் மேஜையை ஒரு பார்வை பார்த்து, "வரட்டும் மாமா. ஒரு கடுதாசிக்கு நாலு காலிக் கவரை நக்கி வச்சிருக்கீங்களே" என்றீர்கள். அந்தப் பசை கொஞ்சம் இனிப்பாக இருக்கும் மாப்பிள்ளை, அவ்வளவுதான்.